நிவேஸ் நனைத்த ஷூ

இல்லை, அன்றைக்கு நான் அழவில்லை. தெற்குக் காற்று அடிக்கிற நாளில் வெனிஸில் யார் கண்ணிலும் உப்புத் தண்ணீர் தெறிக்கத்தான் செய்யும். முப்பத்து நாலு வருஷம் பயணிகள் படகில் கயிறு கட்டினவன் நான். எது கடல் தண்ணீர், எது கண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி லோரெட்டா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதை நம்பாதீர்கள்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது நிவேஸைப் பற்றி. என் பேத்தி இர்மா பிறந்து இன்றோடு பதினெட்டு நாள். கொழுகொழுவென்று இருக்கிறாள். கொட்டாவி விடும்போது அவள் வாய் சரியாக ஒரு செர்ரிப் பழம் அளவு. அவள் நடுத்தெருவில் பிறக்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள் என்றால் அது நிவேஸால்.

நிவேஸ் ஜென்னாரோ எங்கள் தெருக்காரி. ஊர் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேரை ஆட்டுமந்தை போல ஓட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்காது. இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர். அவர்களுக்கென்று மட்டும் மூன்று மணி நேரம். விருந்தாளி வந்து நின்றதும் முகத்தைப் பார்க்க மாட்டாள், முதலில் காலைப் பார்ப்பாள். என்ன ஷூ, தோலா துணியா, குதிகால் உயரமா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் கூட்டிப் போன எவருடைய ஷூவும் நனைந்ததில்லை. இதைச் சொல்லும்போது கழுத்து ஒரு முழம் நீளும் அவளுக்கு.

இந்த வித்தை அவளுக்கு அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் எங்கள் பக்கத்துக் குப்பை அள்ளுகிறவர். தள்ளுவண்டியோடு விடியுமுன் கிளம்புவார். தண்ணீர் ஏறுகிற நாட்களில் ஜனங்கள் நடக்க மேடைப்பலகை போடுவதும் அவர்கள் வேலைதான். பள்ளிக்கூடம் திறக்கும்வரை மகளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போவார். அதனால் மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன வயதில் இவள் எந்தச் சந்து எத்தனை சென்டிமீட்டரில் மூழ்கும் என்று சொல்வாள். எங்கள் ஊரில் தண்ணீரை சென்டிமீட்டரில்தான் பேசுவோம்.

வழிகாட்டித் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். “குப்பை வண்டிப் பொண்ணு மாளிகையக் காட்டப் போறாளாம்” என்று சிரித்தவர்கள் உண்டு. காலையில் என் படகில்தான் ஏறுவாள், கையில் ஓவியர்கள் பெயரும் வருஷமும் எழுதின தாள். நான் ஒரு கையால் கயிறு வீசிக்கொண்டே மறு கையில் அந்தத் தாளைப் பிடித்துக் கேள்வி கேட்பேன். நான் அஞ்சாம் வகுப்பு. ஒரு வருஷத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன். அவள் அதையே தேர்வில் போய்ச் சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை தோற்றதற்குக் காரணம் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மூன்றாம் தடவை என்னிடம் தாளைத் தரவே இல்லை. பாஸாகிவிட்டாள்.

எனக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. இந்த ஊருக்கு எது முக்கியம், தண்ணீரா கல்லா?

“படகு போகாத இடம் வெனிஸ்ல எங்க இருக்கு, சொல்லு பாப்போம்” என்பேன்.

“நீ தண்ணிக்காரன். உனக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்? படகு நின்னதுக்கு அப்புறம் உன் ஊரு முடிஞ்சிருது. என் ஊரு அங்கதான் ஆரம்பிக்குது” என்பாள்.

இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

நவம்பர் மாதம், வெள்ளத்தைத் தடுக்கக் கடல்வாயில் கட்டுகிற மதகு இன்னும் முடிந்தபாடில்லை. அன்று காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நீட்டி ஒரு ஊதல், பிறகு மூன்று சுரம். மூன்று என்றால் நூற்று முப்பது சென்டிமீட்டர். ஒன்பதரைக்கு உச்சம், அப்புறம் வடியும் என்று அறிவிப்பு. ஏழு மணிக்கு என் மகள் மிக்கேலாவுக்கு வலி எடுத்தது. சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மருமகன் எதிர்க்கரையில் தொழிற்சாலையில் இருந்தான். லோரெட்டா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள், ஐந்தரைக்கே போய்விட்டாள். வீட்டில் நானும் மிக்கேலாவும் மட்டும்.

நல்ல நாளில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நடை. மிக்கேலா சொன்னாள், “அப்பா, இப்பவே நடந்துருவோம். இன்னும் நடக்க முடியுது.”

நான் கேட்கவில்லை. என் மகள் பிள்ளை பெற நடந்து போவதா? நான் படகுக்காரன் இல்லையா? “ஆம்புலன்ஸ் படகு வாசலுக்கே வரும், தங்கம். பத்து மணிக்குத் தண்ணி எறங்கிரும். ராணி மாதிரிப் போகலாம்” என்றேன்.

என் முட்டாள்தனம் இதுதான். தெற்குக் காற்று அடித்தால் கடல் உள்ளே வந்த தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. கயிறு கட்டின முதல் வாரமே இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அறிவிப்பை நம்பினேன், காற்றை மறந்தேன்.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. வாய்க்கால் பக்க வாசலில் தண்ணீர் முழங்கால் அளவிலேயே நின்றது, ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் படகு வந்ததுதான். ஆனால் எங்கள் வாய்க்கால் முனையில் உள்ள பாலம் தாழ்வானது. தண்ணீர் ஏறியதில் பாலத்துக்கும் படகுக்கும் இடையே கை நுழையாது. பையன்கள் தலையைக் குனிந்து பார்த்தார்கள், படகைப் பின்னுக்கு எடுத்தார்கள். “பெரியவரே, வெளிக் கடல் பக்கமாச் சுத்தி வந்து, எறங்கி, நாற்காலியோட நடந்து வர்றோம். அர மணி நேரம்!” என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாடியிலிருந்து மிக்கேலா போட்ட சத்தத்தைக் கேட்டால் அரை மணி நேரம் இருக்கிறமாதிரித் தெரியவில்லை.

போன் அடித்தது. லோரெட்டா.

“வந்துட்டீங்களா?”

“படகு பாலத்துக்கு அடியில நுழைய மாட்டேங்குது.”

“ஏழு மணிக்கே நடந்து வந்திருக்கலாமே! படகு படகுன்னு... என்னிக்காவது உன்னையும் ஒரு படகுல வெச்சுத்தான் கல்லறைத் தீவுக்கு அனுப்பப் போறேன் பாரு!”

அந்த நேரத்தில்தான் பாலத்தின் மேல் நிவேஸ் தெரிந்தாள். பின்னால் டென்மார்க்கிலிருந்து வந்த கணவன் மனைவி, இரண்டு பேரும் விளக்குக் கம்பம் போல நெடுநெடு உயரம். அவர் பெயர் ப்ரெபென், அந்த அம்மா கிர்ஸ்டன். அவர் காலில் பளபளவென்று பழுப்புத் தோல் ஷூ. ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது மேட்டுச் சந்தாகப் பார்த்துப் பார்த்து அவர்களைக் கல்லின் மேலேயே நடத்திக்கொண்டு வந்திருந்தாள். சுவரில் இருந்த பழைய மாதா மாடத்தைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவள், மிக்கேலாவின் குரல் கேட்டதும் பாதி வாக்கியத்தில் நின்றாள். தொடைவரை ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ?”

“நாலு. இப்ப மூணு இருக்கும்.”

“எப்பருந்து?”

“ஏழு மணியிலருந்து.”

“ஏழு மணியிலருந்து நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

“தண்ணி எறங்கட்டும்னு...”

மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தாள். “இந்தக் காத்துக்கா? அட கெழவா.” அதற்கு மேல் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

விருந்தாளிகள் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘மன்னிக்கணும், இன்னைக்கு அரண்மனையில் தங்கப் படிக்கட்டைப் பார்க்க முடியாது, நீங்கள் இங்கேயே நின்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறேன்’ என்றிருக்கிறாள். கிர்ஸ்டன் அம்மா கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு பாலத்தின் இந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

கீழ்வீட்டுக் கொத்தனாரின் தள்ளுவண்டி வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் ஏறாத மேட்டுச் சந்தில் நின்றது. சிமெண்டு ஒட்டின வண்டி. முன்னால் குட்டிச் சக்கரம் இரண்டு, பின்னால் பெரிய சக்கரம் இரண்டு, பாலத்துப் படியில் ஏற்றுவதற்கென்றே செய்தது. அதில் சோபா மெத்தையைப் போட்டு, என் மழைக்கோட்டை மாட்டி மிக்கேலாவை உட்கார வைத்தோம்.

“அப்பா, இதுல நேத்து மணல் ஏத்துனாங்க” என்றாள்.

“மணல் உன்ன மாதிரிக் கத்தல. உக்காரு” என்றாள் நிவேஸ்.

நான் கடலோரப் பாதைக்கு வண்டியைத் திருப்பினேன், அதுதான் குறுக்கு. நிவேஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பாதை நூத்திப் பத்துலயே மூழ்கிரும். இப்பப் போனா வண்டி மெதக்கும். இடது பக்கம் திருப்பு.”

“இடது பக்கம் சுத்து வழி!”

“சுத்துதான். ஆனா அந்தச் சந்துக்கு எங்கப்பா ஒரு நாளும் பலகை போட்டதில்ல.”

இருபது வருஷச் சண்டை அந்த இடத்தில் முடிந்தது. இடது பக்கம் திருப்பினேன்.

அவள் முன்னால், வண்டி இழுத்துக்கொண்டு நான், பின்னால் தள்ளிக்கொண்டு ப்ரெபென். பக்கத்தில் கிர்ஸ்டன் குடை பிடித்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் மிக்கேலாவின் முகத்துக்கு நேரே குனிந்து “ஹூ... ஹூ...” என்று மூச்சு விட்டுக்காட்டினார். மூன்று பிள்ளை பெற்றவராம். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. எதிரே வருகிறவர்களைப் பார்த்து நான் சுமைக்காரர்கள் போலக் கத்தினேன்: “காலு! காலு! காலப் பாத்து!” ஜனங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

முதல் பாலம். “பதினாலு படி ஏத்தம், பன்னெண்டு எறக்கம்” என்றாள் நிவேஸ், திரும்பிப் பார்க்காமலே. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டாவது பாலம். “பதினொண்ணு, பதினொண்ணு. ஒம்பதாவது படி ஒடஞ்சிருக்கும், தூக்கிப் போடு.” உடைந்துதான் இருந்தது.

நடுவில் அவளால் வாயை மூட முடியவில்லை. பழக்க தோஷம். ஒரு மூலையில் திரும்பும்போது கையை உயர்த்தி, “வலது பக்கம் பாக்குறது முத்து வியாபாரி ஒருத்தரோட வீடு. அந்த ஜன்னல் வளைவு...” என்று ஆரம்பித்தாள்.

“நிவேஸ்!” என்று மிக்கேலா அலறினாள். “இன்னொரு வளைவப் பத்திப் பேசுனே, எறங்கி வந்து உன் காதக் கடிச்சிருவேன்!”

“பேசு, பேசு, பல்லக் கடிக்காம பேசு. அந்த வளைவு எந்த நூற்றாண்டு?”

“எனக்கென்ன தெரியும்!”

“இந்தத் தெருவுல பொறந்தவ, வெக்கமா இல்ல? பதினஞ்சு.”

“பதினஞ்சு நாசமாப் போக!”

“அப்படித்தான். இன்னும் சத்தமா.”

இரண்டாவது பாலம் இறங்கியதும் சந்து முடிந்தது. எதிரே துறவிகள் மடத்தின் பக்கக் கதவு. அந்தக் கதவு திறந்தால் தோட்டம் வழியாக நேரே ஆஸ்பத்திரித் தெருவுக்கு ஏறிவிடலாம். மடம் மேட்டில் இருக்கிறது. ஆனால் எங்களுக்கும் கதவுக்கும் நடுவே இருபது அடி தூரத்துக்குப் பள்ளம், முழங்கால் வரை தண்ணீர்.

நிவேஸ் நின்றாள். ப்ரெபென் காலைப் பார்த்தாள். அந்தப் பழுப்புத் தோல் ஷூவைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். படகு ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெருமை அது, இருபத்தொன்பது வருஷத்துப் பெருமை. மெதுவாக அவரிடம் என்னவோ சொன்னாள். ‘இனிமேல் நானும் டானிலோவும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றுதானாம். டானிலோ நான்தான்.

ப்ரெபென் அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். முழுக்கால் சட்டையைக்கூட மடித்துவிடாமல் இறங்கினார். இறங்கி வண்டியின் பின்பக்கத்தைத் தோளில் வாங்கித் தூக்கினார். கிர்ஸ்டன் அம்மாவும் பின்னாலேயே இறங்கினார். பனிக்கட்டித் தண்ணீர். இரண்டு பேரும் வண்டியைச் சாயவிடவில்லை.

நிவேஸ் கதவைத் தட்டினாள். மடத்துத் தோட்டம் பார்க்கிற சகோதரர் எஜிடியோவுக்குக் காது மந்தம். கையால் தட்டி, பையால் தட்டி, கடைசியில் தன் ஷூவைக் கழற்றி அதால் தட்டினாள். கதவு திறந்தது. கையில் மண்வெட்டி, இடுப்பில் ஏப்ரன். மெத்தை மேல் உட்கார்ந்திருந்தவளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஞானஸ்நானத்துக்கு ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே!”

“சகோதரரே, வழி விடுங்க, இல்லன்னா இங்கயே குடுக்க வேண்டி வரும்” என்றாள் நிவேஸ்.

இருபது வருஷமாக அவள் கூட்டி வந்த விருந்தாளி ஒருவர்கூட அந்த மடத்தில் சத்தமாகப் பேசியதில்லை. அதனால் அவளுக்கு அவர் எந்தக் கதவையும் திறப்பார். அன்றைக்கு மட்டும் மொத்தச் சத்தத்தையும் மிக்கேலா சேர்த்து வைத்துப் போட்டாள். முற்றத்துத் தூண்களுக்கு நடுவே, முட்டைக்கோஸ் பாத்திக்கு மேலே, வண்டியை ஓட்டினோம். எஜிடியோ தன் முட்டைக்கோஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிலுவை போட்டார். யாருக்குப் போட்டார் என்று தெரியாது. மறுபக்கக் கதவுக்கு முன்னாலேயே ஓடிப்போய்த் திறந்தும் வைத்தார்.

அப்புறம் ஒரே ஒரு பாலம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாசல் ஒரு பழைய பளிங்கு மாளிகையின் முகப்பு. சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். நாங்கள் ரத்தம் கொடுக்கவும் பல் பிடுங்கவும் அதே வாசலில் நுழைவோம். கதவுக்கு இரண்டு பக்கமும் பளிங்கில் சிங்கம். லோரெட்டா துண்டுகளை அடுக்கிக்கொண்டு, சக்கர நாற்காலியோடு, தாதி ஒருத்தியோடு அந்தச் சிங்கத்தடியில் நின்றிருந்தாள்.

“வந்துட்டாரா கப்பல் கேப்டன்?” என்றாள் என்னைப் பார்த்து. அடுத்த நொடி மகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தாதியும் அவளுமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

நான் வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நிவேஸுக்கு மூச்சு வாங்கியது. கையில் பிடித்திருந்த ஷூவைக் காலில் மாட்டினாள், தலைமுடியைச் சரிசெய்தாள், விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். நல்ல மரியாதையான குரலில் சொன்னாள். இதை எனக்கும் புரியும்படி எங்கள் பேச்சிலும் ஒருமுறை சொன்னாள்:

“ஐயா, அம்மா, நம்ம பட்டியல்ல கடைசி இடம் இதுதான். அந்தச் சிங்கம் ரொம்ப ஆழத்துல நிக்கிற மாதிரித் தெரியுது பாருங்க. கைய வெச்சுப் பாத்தா ஒரு சாண்கூட இருக்காது.”

அறுபத்து நாலு வருஷமாக அந்தச் சிங்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

உள்ளே போன இருபத்திரண்டாவது நிமிஷம் இர்மா பிறந்துவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஆம்புலன்ஸ் படகுக்காக வீட்டிலேயே காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். கைப்பிடித்து எடுக்க ஆள் இருந்ததால் ஒன்றுமில்லை. அதைக் கேட்டபோது நான் அழுதேன் என்று லோரெட்டா சொல்கிறாளே, அது தெற்குக் காற்று. ஆஸ்பத்திரிக்குள்ளும் அடிக்கும்.

தாழ்வாரத்தில் ப்ரெபென் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார். லோரெட்டா அவர்கள் ஷூவை வாங்கிக்கொண்டு போய்ச் சலவைக்கூடத்தில் உலர வைத்தாள். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிப் பச்சைச் சாக்ஸ். ஷூவின் தோல் சுருங்கிப்போய்விட்டது. நிவேஸ் அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். வேறொரு நாள் தங்கப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். அவர் என்னவோ சொன்னார், கிர்ஸ்டன் சிரித்தார், நிவேஸ் சிரிக்கவில்லை.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டேன்.

“படிக்கட்டப் பத்தி ஊருல சொன்னா பக்கத்து வீட்டுக்காரன் நானும் பாத்துட்டேம்பான். இத எவனும் சொல்ல முடியாதாம்.”

அப்போதுதான் லோரெட்டா இர்மாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவருகே வந்தாள். முதலில் என்னிடம் கொடுக்கவில்லை. நேரே நிவேஸிடம் போனாள். நிவேஸ் துணியை விலக்கி முதலில் காலைத்தான் பார்த்தாள். ரோஜா நிறத்தில், ஈரமே படாத இரண்டு கால். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை அவள் வீட்டுக்கு வெங்காயமும் வினிகரும் போட்ட மத்தி மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்: “சொல்லு, இந்த ஊருக்கு எது முக்கியம்?” நான் “கல்லு” என்று சொன்னால்தான் கிண்ணத்தை வாங்குவாள். சொல்லிவிடுகிறேன். எஜிடியோவின் முட்டைக்கோஸ் பாத்தியையும் நானே கொத்திச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். ப்ரெபெனுக்கு மிக்கேலா இர்மாவின் படம் அனுப்பினாள். அவர் பதிலுக்கு அந்தச் சுருங்கின ஷூவின் படம் அனுப்பினார், கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். என்ன மனிதர்கள்! கடவுள் அவர்களை நன்றாக வைக்கட்டும்.

இன்றைக்குக் காலையில் வாய்க்கால் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. இர்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். கீழே வாசல் கதவில், பெண் குழந்தை பிறந்த வீடு என்று நாங்கள் கட்டின ரோஜா நிற ரிப்பன். பாலத்தின் மேல் நிவேஸ், கூட யாரோ ஒரு புதுக் கணவன் மனைவி. மாதா மாடத்தைக் காட்டினாள், வருஷம் சொன்னாள். பிறகு விரலைக் கீழே எங்கள் கதவுப் பக்கம் திருப்பினாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே முதலில் எங்கள் பேச்சில் சொன்னாள்:

“இதுவரைக்கும் காட்டுனதெல்லாம் ஐநூறு அறுநூறு வருஷத்துப் பழசு. அந்த ரிப்பன் கட்டுன வீட்டுல இருக்கறது பதினெட்டு நாளுதான். மெதுவா நடங்க, தூங்குது.”